இறுகிப்போன இக்னிஷன் பூட்டும் அதற்கு ஏற்ற மசகும்

மோட்டார் சைக்கிளில் சாவி திருப்பக் கடினமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், உடனே எழும் கேள்வி எந்த எண்ணெய் விடலாம் என்பதுதான். பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு பதில் தருவார்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் என்பார், ஒருவர் கழித்த என்ஜின் ஆயிலில் ஒரு சொட்டு போதும் என்பார், பென்சில் முனையைச் சுரண்டித் தூவச் சொல்பவரும் டபிள்யூடி-40 டப்பாவை நீட்டுபவரும் இருப்பார்கள். இவற்றுள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பூட்டுக்கு ஏதோ ஒரு நிலையில் பலன் தந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இக்னிஷன் பூட்டு என்று நாம் சொல்லும் அந்தச் சிறிய உருளைக்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்றுக்கு நல்லதாக இருக்கும் மசகு மற்றொன்றுக்குக் கெடுதலாக அமையும். ஆகவே எது இறுகியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதும், அந்த இடத்தைச் சுத்தம் செய்வதும் முடிந்த பிறகே எண்ணெயைப் பற்றிய பேச்சு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையின் கடற்கரையை ஒட்டிய பகுதியில், கூரையில்லாத இடத்தில் நிற்கும் என் வண்டியின் பூட்டு சில மாதங்களாக மெல்ல மெல்ல இறுகி வந்தபோது, அதைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்ய முடிவெடுத்தேன். அந்த வேலையின் போக்கில் பார்த்ததையும், பூட்டுகளையும் மசகுகளையும் பற்றித் தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். வெளியே தெரியும் கனமான கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தது. அதற்குள் சாவியோடு சேர்ந்து சுழலும் ஒரு நடு உருளை இருக்கிறது. அந்த உருளையில் வரிசையாக வெட்டப்பட்ட பள்ளங்களில் மெல்லிய பித்தளைத் தகடுகள் உட்கார்ந்திருக்கின்றன. வேஃபர் என்று அவற்றைச் சொல்வார்கள். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் சாவி ஊடுருவிச் செல்ல ஒரு செவ்வகத் துளை உண்டு; ஒவ்வொன்றையும் ஒரு நுண்ணிய சுருள்வில் ஒருபுறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாவி இல்லாத நேரத்தில் தகடுகளின் முனைகள் உருளையிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு கூட்டின் பள்ளங்களில் மாட்டிக்கொள்வதால் உருளை சுழலாது. சரியான சாவி நுழைந்ததும் அதன் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் உரிய அளவுக்கு நகர்த்தி, எல்லா முனைகளும் உருளையின் மேற்பரப்போடு சமமாக நிற்கும்படி செய்கின்றன, அப்போதுதான் திரும்புகிறது. ஒரே ஒரு தகடு அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பின்தங்கினாலும் பூட்டு இறுகும் அல்லது திரும்பவே மறுக்கும். இந்தத் தகடுகளை நகர்த்தும் சுருள்வில்லின் வலிமை மிகச் சிறியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கெட்டியான கிரீஸ் ஏன் இங்கே ஆகாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

இது முதல் வேலை. இரண்டாவது வேலை ஹேண்டில் லாக். சாவியை அழுத்தித் திருப்பும்போது உருளையோடு இணைந்த ஓர் அமைப்பு, விரல் தடிமன்கூட இல்லாத ஓர் உலோகத் தண்டை வெளியே தள்ளி, வண்டியின் கழுத்துப் பகுதியில் உள்ள துளைக்குள் நுழைக்கிறது. மூன்றாவது வேலை அடியில் நடக்கிறது: உருளையின் கீழ்முனை ஒரு பிளாஸ்டிக் தட்டைச் சுழற்ற, அதில் பதிந்த செம்பு அல்லது பித்தளைத் தொடுமுனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மின்சுற்றை மூடுகின்றன. மேலே நுண்ணிய தகடுகள், நடுவில் சுமை தாங்கும் தண்டு, கீழே மின்தொடுமுனைகள். சாவித் துளையின் வாய் வானத்தைப் பார்த்து இருப்பதால், மேலே ஊற்றுகிற எதுவும் புவியீர்ப்பின் வழியே மற்ற இரண்டையும் தேடிப் போய்ச் சேரும்.

வீட்டுப் பூட்டுக்குச் செய்ததை வண்டிப் பூட்டுக்கும் செய்யலாம் என்ற எண்ணம் தவறாவது இங்கேதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் செய்யப்படும் அந்தப் பூட்டுகளில் நெம்புத் தகடுகளும் தடித்த சாவியும் இருக்கின்றன. உள்ளே இடம் தாராளம், மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்படிப்பட்ட பூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருக்கலாம். அந்தக் கைவினையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் நெருக்கமான இடைவெளிகளும் நுண்ணிய வில்களும் உள்ள வேஃபர் பூட்டு வேறு வகையானது; அதுவும் சாலைப் புழுதியில், மழையில், வெயிலில் திறந்த வாயோடு நாள் முழுவதும் ஓடுகிறது.

சரி, எது இறுகியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி வாங்கியபோது தந்த இரண்டாவது சாவி பீரோவில் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அந்தச் சாவியில் பூட்டு இலகுவாகத் திரும்பினால் குறை பூட்டில் இல்லை, தினமும் பயன்படுத்தும் சாவியின் வெட்டுகள் தேய்ந்திருக்கின்றன. இரண்டாவது சாவி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நம் நாட்டு வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் டேங்க் மூடிக்கும் பக்கவாட்டு மூடிக்கும் அதே சாவிதான். டேங்க் மூடி வழுக்கிக்கொண்டு திறக்கிறது, இக்னிஷன் மட்டும் இறுகுகிறது என்றால் சாவியைக் குறை சொல்ல இடமில்லை; எல்லா இடத்திலும் தடுமாறுகிறது என்றால் சந்தேகம் சாவியின் மேல் திரும்ப வேண்டும்.

அடுத்து, இறுக்கம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாவி உள்ளே நுழையும்போதே உரசித் தடுமாறினால் தகடுகளுக்கிடையில் அழுக்கு இருக்கிறது, அல்லது வாயில் உள்ள தூசி மறைப்புத் தகடு வளைந்திருக்கிறது. நுழைவது இலகுவாகவும் திரும்புவது கடினமாகவும் இருந்தால் உருளைக்கும் கூட்டுக்கும் இடையில் சிக்கல். ஹேண்டில் லாக்கிலிருந்து விடுவிக்கும்போது மட்டும் இறுகினால், பெரும்பாலும் அது பூட்டின் நோயே இல்லை. பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் முன்சக்கரம் ஒருபுறம் தள்ளிக்கொண்டே இருப்பதால், ஹேண்டிலின் முழு அழுத்தமும் அந்தத் தண்டின் மேல் விழுகிறது. ஒரு கையால் ஹேண்டிலை இருபுறமும் சற்றே அசைத்துக்கொண்டு மறுகையால் சாவியைத் திருப்பினால் தண்டு தானாக உள்ளே இறங்கிவிடும். இதை அறியாமல் முரட்டுத்தனமாகத் திருகித்தான் பலருடைய சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்து நிற்கிறது. சாவி நன்றாகத் திரும்புகிறது, ஆனால் நியூட்ரல் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்றால், கோளாறு அடித்தட்டில் இருக்கிறது. சாவித் துளையில் எதை ஊற்றினாலும் அது தீராது.

எல்லா இறுக்கமும் நோய் என்று எண்ணிவிடவும் கூடாது. சாவி ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும்போது கையில் உணரப்படும் அந்தச் சிறு ‘டக்’ வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வில்லால் அழுத்தப்படும் ஒரு சிறு உருண்டையோ முனையோ பள்ளத்தில் விழுந்து, ஓட்டத்தின் அதிர்ச்சியில் சாவி தானாகத் திரும்பிவிடாமல் காக்கிறது. இது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கார் உலகில் ஒரு கசப்பான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் இக்னிஷன் சுவிட்சில் இந்தத் தடுப்பின் வலிமை போதாமல் இருந்ததால், கனமான சாவிக்கொத்தின் இழுப்பிலோ குலுக்கலிலோ சாவி ஓட்டத்தின் நடுவிலேயே அணைப்பு நிலைக்குத் திரும்பியது, காற்றுப் பைகளும் செயலிழந்தன. இழப்பீட்டுக்காக அமைக்கப்பட்ட நிதியம் 124 மரணங்களை அந்தக் குறையோடு தொடர்புடையவையாக ஏற்றுக்கொண்டது. ஆகவே பூட்டைச் சரிசெய்வது என்றால் அந்த ‘டக்’ மறைந்துபோகும் அளவுக்குத் தளர்த்துவது என்று பொருளாகாது. வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் தொங்கும் கொத்தை வண்டியில் மாட்டி ஓட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கனம் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் ஆடி, சாவியின் வெட்டுகளையும் முதல் சில தகடுகளையும் தேய்த்துக்கொண்டே இருக்கிறது.

என் வண்டியில் இரண்டாவது சாவியும் இறுகியது. டேங்க் மூடி எளிதாகத் திறந்தது. எனவே அழுக்கு என்ற முடிவுக்கு வந்து சுத்தம் செய்யத் தொடங்கினேன்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். பெட்ரோல் டேங்க் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, நாம் தெளிக்கப்போவதோ எளிதில் தீப்பற்றும் கரைப்பான். பொறிக்கும் பீடிக்கும் அங்கே இடமில்லை. டேங்க் மேல் தடித்த துணியை விரித்துவிடுவது நல்லது, சில கரைப்பான்கள் வண்ணப்பூச்சை மங்கச் செய்துவிடும். கார்புரேட்டர் கிளீனரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது, அது பிளாஸ்டிக்கையும் பெயிண்ட்டையும் தின்னும். அடுத்தபடியாக, முடிந்தவரை பூட்டின் அடித்தட்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். பல வண்டிகளில் அது சிறிய திருகாணிகளாலோ கிளிப்புகளாலோ பிடிக்கப்பட்டிருக்கும். முன்விளக்கைத் தளர்த்தினால் கை எட்டும். இதைச் செய்யாமல் மேலிருந்து கழுவினால், தகடுகளுக்கிடையில் இருந்த அழுக்கு முழுவதையும் நாமே கொண்டுபோய் மின்தொடுமுனைகளில் சேர்த்தவர்களாவோம். கழற்றும்போது உள்ளே இருக்கும் சிறு வில்களும் உருண்டைகளும் தெறித்து ஓடக்கூடும் என்பதால் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்குத்தான் டபிள்யூடி-40 உண்மையில் பொருத்தமானது. அதன் பிறப்பே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம், அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கிய திரவம் அது. நீரை அகற்றும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதையே அதன் பெயர் குறிக்கிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகிப்போகும் கரைப்பான். மீதமிருப்பது மெல்லிய கனிம எண்ணெய். பழைய எண்ணெய்ப் பிசினைக் கரைக்கும், ஈரத்தைத் தள்ளும், கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் வழுக்கும். கரைப்பான் போன பிறகு மிஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நெடுநாள் உழைப்புக்குப் போதாது. அதற்குள் கரைந்த அழுக்கையும் வெளியேற்றாமல் விட்டால் அது மீண்டும் அதே இடத்தில் படியும். அடித்த அன்று பூட்டு அற்புதமாக இருந்தது, மூன்றாம் வாரம் பழைய கதையாகிவிட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். திரவத்தைப் பழிப்பதற்கில்லை, கழுவும் பொருளைக் கழுவுவதற்கு மட்டும் பயன்படுத்தி, பிறகு உலர்த்தி, அதற்குமேல் உரிய மசகைத் தர வேண்டும்.

டப்பாவோடு வரும் மெல்லிய குழாயைச் சாவித் துளைக்குள் நுழைத்துச் சற்றுத் தெளித்து, சில நிமிடங்கள் ஊறவிட்டு, சாவியை உள்ளும் வெளியுமாகப் பலமுறை இழுத்து, ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் துடைத்துக்கொண்டே வர வேண்டும். என் பூட்டிலிருந்து முதலில் வந்தது தார் போன்ற கறுப்பு. கழுவக் கழுவ அது சாம்பல் நிறமாகி, அதனூடே பொன்னிற மினுமினுப்பு தெரிந்தது. அந்த மினுமினுப்பு பித்தளைத் தூள். தகடுகளும் சாவியும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று உரசி உதிர்த்தது. எண்ணெயும் சாலைப் புழுதியும் இந்தத் தூளும் சேர்ந்த கலவை ஒரு தேய்ப்புப் பசையாக வேலை செய்து, மேலும் தூளை உண்டாக்குகிறது. பூட்டு இறுகும்போதெல்லாம் எண்ணெய் மட்டும் விட்டுக்கொண்டே போனால் இந்தப் பசைதான் வளர்கிறது. சாவி துணியில் கறை எதுவும் விடாத வரை கழுவ வேண்டும். பிறகு பங்க்சர் கடையின் காற்றுக் குழாயால் ஊதி, வெயிலில் சற்று நேரம் உலர விட வேண்டும். ஊதும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அந்தத் துளையிலிருந்து வருவது கண்ணுக்கு நல்லதல்ல.

இனி மசகு. தகடுகளுக்கு எது ஏற்றது என்பதில்தான் கருத்து வேறுபாடுகள் மிகுதி, ஆகவே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சமையல் எண்ணெய்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தாவர எண்ணெய்களில் பல காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்லப் பிசினாகின்றன. அந்தப் போக்கை ஓரளவு காட்டும் அளவு அயோடின் எண். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல் இருப்பதால்தான் ஓவியர்கள் அதைக் காய்ந்து இறுகும் ஊடகமாகப் பயன்படுத்துகிறார்கள். நல்லெண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அது 100-ஐத் தாண்டும். தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டியே இருப்பதால் அது எளிதில் பிசினாகாது. ஆனால் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழி அதிகாலையில் குப்பிக்குள் வெண்மையாகக் கட்டிப்போகும் அதே எண்ணெய், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நிற்கும் வண்டியின் பூட்டுக்குள்ளும் கட்டிப்போகும். விளக்கெண்ணெய் பிசினாவதும் இல்லை, எளிதில் உறைவதும் இல்லை, ஆனால் அதன் கெட்டித்தன்மைக்கு அந்த நுண்ணிய வில்கள் ஈடுகொடுக்க முடியாது. கழித்த என்ஜின் ஆயிலில் கரியும் உலோகத் துகள்களும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. அழுக்கை எடுத்த இடத்தில் அழுக்கை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கிராஃபைட் தூள் பூட்டு வேலைக்காரர்களின் பழைய நண்பன். கரியணுக்கள் தாள்தாளாக அடுக்கப்பட்ட அமைப்பு அது. தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று எளிதில் நழுவுகின்றன. அந்த நழுவலுக்குக் காற்றிலுள்ள நீராவியின் உதவி தேவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1940-களில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில் மின்னியற்றிகளில் மின்சாரத்தை எடுக்கும் கிராஃபைட் கலந்த கார்பன் பிரஷ்கள் விரைவாகத் தேய்ந்து தூளானபோது, அங்கே காற்று மிக உலர்ந்திருந்ததே காரணம் என்று கண்டறிந்தார்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற மற்றொரு அடுக்குப் பொருள் இதற்கு நேர்மாறானது; வெற்றிடத்தில் சிறப்பாக உழைக்கும் அது ஈரத்தில் சோர்ந்துபோகும். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் கடற்கரைக் காற்று கிராஃபைட்டுக்குச் சாதகமானதே. ஆனால் வேறு இரண்டு குணங்கள் அதைத் தடுக்கின்றன. ஒன்று, கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். கீழே மின்தொடுமுனைகள் இருக்கும் இடத்தில் கடத்தும் தூளைத் தூவுவது எனக்குச் சம்மதமில்லை. மற்றொன்று, உலோகங்களின் மின்வேதி வரிசையில் கிராஃபைட் ஒரு முனையிலும் துத்தநாகம் எதிர்முனைக்கு அருகிலும் நிற்கின்றன. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அரிபடுவது துத்தநாகக் கூடாக இருக்கும். பூட்டில் முன்பே எண்ணெய் இருந்தால் கிராஃபைட் அதோடு குழைந்து கறுப்புச் சாந்தாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பென்சில் முனையில் களிமண்ணும் கலந்திருப்பதால் அது கிராஃபைட் தூளுக்கு முழு மாற்றும் ஆகாது. உலர்ந்த அறைக்கதவுப் பூட்டுக்குக் கிராஃபைட்டை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். மழையில் நனையும் வண்டிப் பூட்டுக்கு மாட்டேன்.

சிலிக்கோன் ஸ்ப்ரே ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லது. உலோகம் உலோகத்தின் மேல் அழுத்தி உரசும் இடத்தில் அதன் படலம் எளிதில் கிழிந்துவிடும். அதைவிட முக்கியமான குறை, சிலிக்கோன் ஆவி மின்பொறி தெறிக்கும் தொடுமுனைகளுக்கு அருகில் போனால், அந்தப் பொறியின் வெப்பத்தில் சிலிக்காவாக, அதாவது மணலின் மூலப்பொருளாக மாறி, மின்சாரம் கடத்தாத படிவாகத் தொடுமுனையில் உட்கார்ந்துவிடும். ஆகவே இக்னிஷன் பூட்டுக்கு அது வேண்டாம்.

எஞ்சி நிற்பவை இரண்டு. ஒன்று டெஃப்லான் என்று நாம் பழகிய பெயரில் அறியும் பி.டி.எஃப்.இ. கலந்த உலர் ஸ்ப்ரே. 1938-இல் டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட், வாயு நிரப்பிய உருளை ஒன்றிலிருந்து வாயு வராததைக் கண்டு அதை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெண்மையான மெழுகுத் தூளாகக் கிடைத்த பொருள் அது. திடப்பொருள்களில் மிகக் குறைந்த உராய்வு உடையவற்றுள் ஒன்று. மின்சாரத்தைக் கடத்தாது, எதோடும் எளிதில் வினைபுரியாது, புழுதியை ஈர்த்துப் பிடிக்காது. தெளித்ததும் கரைப்பான் பறந்துவிட, தகடுகளின் மேல் உலர்ந்த வெண்படலம் தங்குகிறது. அதன் குறை, துருவையும் அரிப்பையும் அது தடுப்பதில்லை. ஈரத்தை விரட்டுவதும் இல்லை. மற்றொன்று தையல் மெஷின் எண்ணெய். தெளிந்த, மெல்லிய, பிசினாகாத கனிம எண்ணெய். எந்தத் தெருக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். உலோகத்தை ஈரத்திலிருந்து காக்கும், வில்லுக்குச் சுமையாகாது. அதன் குறை, புழுதியைப் பிடித்து வைக்கும்.

இந்த இரண்டில் எது என்பதை வண்டி நிற்கும் ஊர் தீர்மானிக்கட்டும் என்பேன். மதுரை, திருச்சி, கோவை போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி எதிரி புழுதிதான். அங்கே உலர் டெஃப்லான் ஸ்ப்ரேதான் முதல் தேர்வு. சென்னை, நாகப்பட்டினம், உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடி போன்ற இடங்களில் எதிரி உப்பு ஈரம்; அங்கே மெல்லிய எண்ணெய் இரண்டொரு சொட்டு, அல்லது டெஃப்லானும் எண்ணெயும் கலந்தே விற்கப்படும் வகை. நான் என் பூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெயையே தேர்ந்தெடுத்தேன். சாவியின் இருபுறமும் எண்ணெயைத் தடவி நுழைத்து எடுத்தால் போதும். துளைக்குள் ஊற்ற வேண்டிய தேவையில்லை. சாவியை எடுத்தால் அதில் எண்ணெய் வழிகிறது என்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள், துடைத்துவிடுங்கள்.

ஹேண்டில் லாக் தண்டுக்கு மட்டும் கிரீஸ் பொருந்தும். சாவியைப் பூட்டும் நிலைக்குத் திருப்பினால் தண்டு வெளியே நீளும். அதைத் துடைத்து, நீரால் எளிதில் கழுவிப்போகாத கால்சியம் கிரீஸையோ வெண்லித்தியம் கிரீஸையோ விரல்நுனியால் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். அடித்தட்டின் தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தால் மின்தொடுமுனைகளுக்கென்றே விற்கும் கிளீனரைத் தெளித்து மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். உப்புத்தாள் கூடாது, பூச்சு போட்ட தொடுமுனையின் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே மீண்டும் பச்சை வரும். அதற்கான தொடுமுனை கிரீஸ் கிடைத்தால் நல்லது, கிடைக்காதபோது வாஸ்லினை மெல்லப் பூசினாலும் ஈரத்தைத் தடுக்கும். பேட்டரி முனைகளுக்கு நம் மெக்கானிக்குகள் நெடுங்காலமாகச் செய்து வருவதுதான் இது.

இவ்வளவும் செய்த பூட்டு எவ்வளவு காலம் தாங்கும் என்பது வண்டியைக் கழுவும் முறையையும் பொறுத்தது. அழுத்தமான நீர்ப்பீச்சை ஹேண்டில் பகுதியில் நேராகப் பாய்ச்சினால் சாவித் துளையின் சிறிய மறைப்புத் தகடு எதையும் தடுக்காது. அதுவும் உப்புச் சுவையுள்ள போர்வெல் நீராக இருந்தால், உலர்ந்த பிறகு உப்பு உள்ளேயே தங்கிவிடும். வாட்டர் வாஷுக்கு விடும்போது துளையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிக் கொடுப்பது நான் கடைப்பிடிக்கும் வழக்கம். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு முறையும் தை பிறந்ததும் ஒரு முறையும் சாவியை எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தால், முழுச் சுத்தம் செய்ய வேண்டிய தேவை அரிதாகவே வரும்.

சாவி தேய்ந்தவர்களுக்கு ஒரு சொல். நிக்கல் பூச்சு போய்ப் பித்தளையின் மஞ்சள் தெரியும் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்து இன்னொன்று வெட்டச் சொன்னால், இயந்திரம் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். புதிய சாவி பிறக்கும்போதே பழைய சாவியாகப் பிறக்கும். பயன்படுத்தாத மூலச் சாவியை வைத்துத்தான் நகல் எடுக்க வேண்டும். வண்டியோடு சாவி எண் பொறித்த சிறு தகடு வந்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், அந்த எண்ணைக் கொண்டு சரியான வெட்டுகளோடு புதிய சாவி பெற முடியும். சாவியின் ஓரத்தில் பிசிறு இருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம்; வெட்டுகளின் பள்ளத்தில் கைவைக்கக் கூடாது.

சுத்தமும் மசகும் மூலச் சாவியும் சேர்ந்தும் பூட்டு திரும்ப மறுத்தால், அல்லது அதற்கு மாறாக வேறு வண்டியின் சாவிக்கும் திரும்பிக் கொடுத்தால், தகடுகள் தேய்ந்துவிட்டன. அந்த நிலையில் எந்த எண்ணெயும் உதவாது. அனுபவமுள்ள பூட்டு வேலைக்காரர் தகடுகளை மட்டும் மாற்றித் தருவார். அப்படி ஒருவர் கிடைக்காதபோது முழு லாக் செட் வாங்குவதே நல்லது, ஏனெனில் இக்னிஷனை மட்டும் மாற்றினால் டேங்க் மூடிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று இரண்டு சாவிகளைச் சுமக்க நேரும். பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் திருடர்கள் எளிதில் கழற்ற முடியாதபடி தலை முறிந்தோ ஒருபுறம் மட்டும் திரும்பும்படியோ செய்யப்பட்டிருக்கும் என்பதால், அந்த வேலையை ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடலாம். புதிய பூட்டு பொருத்தி வந்ததும், அதன் இரண்டு சாவிகளில் ஒன்றை எண் தகட்டோடு சேர்த்து எடுத்து வைத்துவிட்டு, மற்றதை வீட்டுச் சாவிக்கொத்தில் சேர்க்காமல் தனி வளையத்தில் மாட்டிப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.